வாசல் வரை வந்த சிலிண்டர்

ஜவஹர் அலி பாய் யாரிடமும் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அவர் வீட்டில் அவருடைய மனைவியைக் கவனித்துக்கொள்ள நர்ஸாக நான் போய்வந்த நாலு வருஷத்தில் ஒரு முறை கூட இல்லை. பால் தண்ணியாக இருந்தாலும், எலெக்ட்ரீஷியன் சொன்ன நாளில் வராமல் போனாலும், "அவருக்கு என்ன சங்கடமோ" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். நோயாளி இருக்கிற வீட்டில் சத்தம் போடத் தெரிந்த ஆள் ஒருவராவது வேண்டும். அந்த வேலையையும் நானே பார்த்துக்கொண்டேன்.

இந்தப் பழக்கம் அவருக்கு தம்மாமில் வந்தது. கல்யாணமான மறு வருஷம் காரைக்காலை விட்டு சவூதிக்குப் போனவர், அங்கே ஒரு பக்காலாவில், அதாவது தெருமுனை மளிகைக் கடையில், கல்லாவுக்குப் பின்னால் முப்பது வருஷம் நின்றார். ரொட்டி காய்ந்திருந்தால் அவரைத் திட்டுவார்கள். சிகரெட் விலை ஏறினால் அவரைத் திட்டுவார்கள். உடைந்ததற்கும் காணாமல் போனதற்கும் முதலாளி அவர் சம்பளத்தில் பிடிப்பார். ஒருவன் தயிர் டப்பாவை முகத்தில் எறிந்திருக்கிறான். இவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேறு டப்பா எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

"அவனுக்குக் கோவம் தயிர் மேல சிஸ்டர். நான் பக்கத்துல நின்னேன், அவ்வளவுதான்" என்று என்னிடம் சொன்னார்.

அவர் ஊருக்குத் திரும்பியபோது மனைவி கைருன்னிஸாவுக்கு நுரையீரல் சுருங்க ஆரம்பித்திருந்தது. மாடிப்படி ஏறுவது முதலில் நின்றது. அப்புறம் அடுப்படி வரை நடப்பது நின்றது. பிறகு மூக்கில் குழாய். கடைசி வரை ஆக்ஸிஜன் வேண்டும் என்று டாக்டர் சொன்னார். "கடைசி"க்கு நாள் அதிகம் இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

கைருன்னிஸாவுக்குப் போனது மூச்சுதான், வாய் போகவில்லை.

"முப்பது வருஷமா போன்ல பேசுன ஆளு. எனக்கு மூச்சு முட்டுறப்பதான் மூஞ்சியக் காட்டணும்னு தோணிருக்கு பாரு அல்லி" என்பாள்.

"முன்னாடியே காட்டிருந்தா அப்பவே முட்டிருக்கும்" என்பார் அவர், அவள் தலையை வாரிக்கொண்டே. ஈர் உருவக்கூடக் கற்றுக்கொண்டிருந்தார். படுக்கையில் புரட்டிப் படுக்க வைப்பது, முதுகு துடைப்பது, பெட்பேன் வைப்பது எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தேன். முகம் சுளிக்காத ஆண்களை என் தொழிலில் விரல் விட்டு எண்ணிவிடலாம். இவர் அதில் ஒருவர்.

போன வருஷம் அவளுக்கு நிமோனியா வந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். மாஸ்க்கைப் பிடுங்கிப் போட்டதால் கைகளைக் கட்டிலோடு கட்டினார்கள். அது வழக்கம்தான், நானும் கட்டியிருக்கிறேன். ஆனால் கட்டப்பட்டவளுக்கு அது வழக்கம் இல்லையே. வீட்டுக்கு வந்த அன்றைக்கே புருஷனைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"இனிமே என்னைய அங்க கொண்டு போகாதீங்க. இந்தக் கட்டில்லயே போயிடுறேன். நீங்க பக்கத்துல இருந்து யாசீன் ஓதுங்க. வாயில ஜம்ஜம் தண்ணி விடுங்க. உங்களுக்குக் கை நடுங்குனா அல்லி விடட்டும்."

அவர் சரி என்று வாக்குக் கொடுத்தார். மக்காவுக்கு உம்ரா போய்வந்த யாரோ கொடுத்த ஜம்ஜம் தண்ணீர் ஒரு சின்ன பாட்டிலில் அவள் தலைமாட்டு அலமாரிக்கு வந்தது. அவள் கேட்டது பெரிய ஆசை ஒன்றும் இல்லை. முடியக்கூடியதுதான். வீட்டில் ஆக்ஸிஜன் தீராமல் இருந்தால் போதும்.

கரண்டில் ஓடும் ஆக்ஸிஜன் மிஷின் ஒன்றை மகன் இஃபாத் தோஹாவிலிருந்து பணம் அனுப்பி வாங்கித் தந்திருந்தான். இங்கத்திய உப்புக் காற்றில் அது இரண்டு வருஷம் தாங்கவில்லை. அதனால் பெரிய சிலிண்டர்தான். கோட்டுச்சேரி போகிற சாலையில் செம்பியன் என்பவர் ஆக்ஸிஜன் கடை வைத்திருந்தார். போன் போட்டு "பாய் வீடு" என்றால் போதும், மதியத்துக்குள் வாசலில் உருட்டிக்கொண்டு வந்து இறக்கிவிட்டு, காலியை எடுத்துப் போவார். போன வருஷம் வரை அப்படித்தான் நடந்தது.

இந்த வருஷம் செம்பியன் ஒரு பெரிய கம்பெனியோடு சேர்ந்துவிட்டார். கடையில் புதுப் பலகை, புதுப் பெயிண்ட், சிரிக்கிற தாத்தா படம். இனி போனில் ஆர்டர் கிடையாது, எல்லாம் ஆப் வழியாகத்தான் என்றார்கள். ஆப்பில் இங்கிலீஷும் ஹிந்தியும் இருந்தன. தமிழ் விரைவில் வரும் என்று போட்டிருந்தது.

ஆப் வந்த முதல் வாரமே கடை வாசலில் கூட்டம். பாதி சிலிண்டர் இருக்கும்போதே நாங்கள் ஆர்டர் போட்டிருந்தோம். அது பரிசீலனையில் இருப்பதாகவே காட்டியது. பாயைக் கூட்டிக்கொண்டு நான் போனேன். மண்டபத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண் போனை செம்பியன் மூக்குக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பாவுக்கு மூச்சு வாங்குது. இது காலைலேருந்து சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு!"

"எனக்கும் அதான்க்கா, தலை சுத்துது. என் கையில ஒண்ணும் இல்ல. நிறைஞ்ச சிலிண்டர் அத்தனையும் அவங்க குடோனுக்குப் போயிடுச்சு. இங்க நிக்கிறதெல்லாம் காலி."

"அப்ப நீ எதுக்குக் கடையத் தொறந்து வச்சிருக்க?"

"நீங்க வந்து திட்டுறதுக்குத்தான்."

கூட்டம் சிரித்தது, சிரித்துவிட்டு மறுபடி திட்டியது. நானும் என் பங்குக்குத் திட்டினேன். ஜவஹர் அலி பாய் ஓரமாக நின்று செம்பியன் முகத்தையே பார்த்தார். திரும்பி வரும்போது, "பாவம், அவரு சாப்புடக்கூட இல்ல போலருக்கு" என்றார். எனக்கு அவரை உலுக்கலாம் போல இருந்தது.

மறுநாள் காலை வண்டி வந்தது. டிரைவர் பூமிநாதன் எங்களுக்குப் புது ஆள், நாற்பது வயதுக்காரர். சிலிண்டரை வண்டியின் பின்பக்கம் வரை நகர்த்தி வைத்துவிட்டு போனை எடுத்தார்.

"ஓ.டி.பி. சொல்லுங்க பாய்."

"ஒண்ணும் வரலையே தம்பி."

"உங்க நம்பருக்குப் போயிடுச்சுன்னு காட்டுதே."

அது இஃபாத்தின் ஊர் நம்பர், செம்பியனின் பழைய கணக்கிலிருந்து அப்படியே ஆப்பில் ஏறியது. எங்கள் ஊரில் மகன் அரபு நாட்டில் இருக்கிற வீடுகளில் கேஸ், கேபிள், பேங்க் எல்லாம் அவன் நம்பரில்தான் இருக்கும். பணம் கட்டுகிறவன் அவன். ஊர் நம்பர் அவனுக்கு ஒரு கௌரவமும் கூட. பாய் வாட்ஸப்பில் கூப்பிட்டார். இஃபாத் வேலை நடக்கிற இடத்திலிருந்து பேசினான், பின்னால் இடி மாதிரி சத்தம்.

"எனக்கு எதுவும் வரல வாப்பா. அந்த சிம்ம ரீசார்ஜ் பண்ணி எவ்வளவோ நாளாச்சு. வாட்ஸப்புதான் ஓடுது, அதுக்கு சிம் எதுக்கு?"

எனக்குப் புரிந்துவிட்டது, ரீசார்ஜ் இல்லாத நம்பரை போன் கம்பெனி வேறு யாருக்கோ கொடுத்துவிட்டது. என் போனிலிருந்து அந்த நம்பருக்கு நேராகப் போட்டேன். மணி அடித்தது. எடுத்தவர் வயதான மனிதர். பின்னால் ஆடு கத்தியது.

"ஐயா, யார் பேசுறீங்க?"

"போன் போட்டது நீ. நீ சொல்லு யாருன்னு."

"காரைக்கால்லேருந்து அல்லின்னு பேசுறேன். உங்க போன்ல இப்ப நாலு எண் மெசேஜா வந்திருக்கும். அதைப் படிச்சுச் சொன்னீங்கன்னா ஒரு அம்மாவுக்கு ஆக்ஸிஜன் கிடைக்கும்."

அவர் சிரித்தார். "போன வருஷம் ஒருத்தி பேசுனா. அவளுக்குப் புள்ளை ஆப்பரேசன். மாடு வித்து பேங்குல போட்டது அத்தனையும் போச்சு. உனக்கு ஆக்ஸிஜனா? நல்லாருக்கு, நல்லாருக்கு."

நான் சத்தம் போடப் போனேன். பாய் போனை என் கையிலிருந்து வாங்கினார். தம் பெயர் சொன்னார், மனைவியின் வியாதியைச் சொன்னார், அந்த நம்பர் ஒரு காலத்தில் தம் மகனுடையது என்று சொன்னார்.

"ஐயா, நீங்க யாரோ எவரோ. ஓ.டி.பி.ய யாருக்கும் சொல்லாதன்னு பேங்குல படிச்சுப் படிச்சு சொல்லிருக்காங்க."

"நீங்க சொல்றது நியாயந்தான்" என்றார் பாய். "உங்க இடத்துல நான் இருந்தாலும் யோசிப்பேன்."

போன் வைக்கப்பட்டது.

பூமிநாதன் மணி பார்த்தார். ஒரு வீட்டுக்குப் பத்து நிமிஷம்தான், அதற்கு மேல் நின்றால் அபராதமாம். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், இறக்குங்கள் என்றேன். சிலிண்டர் ஒவ்வொன்றும் கணக்கில் இருக்கிறது, எண் இல்லாமல் இறங்கினால் முழு விலையும் தன் தலையில் விழும் என்றார். பொய் சொல்கிற முகமில்லை. அதற்காக நான் விடவில்லை. வண்டியின் பின்பக்கம் போய் சிலிண்டரின் கழுத்தைப் பிடித்து இழுத்தேன். எனக்கு எழுபத்தொரு வயது, ஆனால் ஆளைத் தூக்கிப் பழகிய கை. அது என் பக்கம் சாயவும் செய்தது.

ஜவஹர் அலி பாய் என் கையின் மேல் கையை வைத்தார்.

"விடுங்க சிஸ்டர். இவரு சம்பளத்துல புடிப்பாங்க."

"உள்ள ஒருத்தி மூச்சுப் புடிச்சுக்கிட்டுக் கெடக்கா பாய். அது தெரியலையா?"

"சாயந்தரம் திரும்ப வருவாரு. வருவீங்கள்ல?"

"கண்டிப்பா வரேன் பாய். மத்தியானத்துக்குள்ள ஆபீஸ்ல சொல்லி நம்பர மாத்திடுங்க" என்றார் பூமிநாதன். மனதாரத்தான் சொன்னார். வண்டி தெருமுனை திரும்பும் வரை பாய் வாசலில் நின்றார்.

நம்பரை மாற்றுவதற்குப் பழைய நம்பருக்கு ஓ.டி.பி. போகும். இரண்டு தடவை முயற்சி செய்த பிறகு, நாளைக்கு வா என்று ஆப் சொல்லிவிட்டது. உதவி எண்ணில் பாட்டுப் போட்டார்கள். "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்று பதிவு செய்த குரல் சொல்லும்போதெல்லாம் பாய் "சொல்லுங்கம்மா, சொல்லுங்க" என்றார். கடைசியில் ஒரு பெண் வந்தாள். எங்கள் ஆர்டரை வாடிக்கையாளர் வாங்க மறுத்துவிட்டதால் ரத்தாகிவிட்டது என்றாள்.

"நாங்க மறுக்கலம்மா" என்றார் பாய்.

"சிரமத்துக்கு வருந்துகிறோம் சார். வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

ஒரு மணி நேரம் கழித்து அந்த ஆட்டுக்காரரே கூப்பிட்டார். பெயர் தங்கையன் என்றார். டீக்கடையில் நாலு பேரிடம் விசாரித்தாராம், இதில் பணம் போகாது என்று சொன்னார்களாம். மெசேஜில் இருந்த எண்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் படித்தார். ரத்தான ஆர்டருக்கு அது எதற்கு? பாய் குறுக்கே பேசாமல் கடைசி எண் வரை கேட்டு, நன்றி சொன்னார்.

நான் கைருன்னிஸாவை நிமிர்த்தி உட்கார வைத்து, முன்னால் தலையணைகளை அடுக்கி அதன் மேல் சாயவிட்டேன். மின்விசிறியை முகத்துக்குத் திருப்பினேன். ஆக்ஸிஜன் அளவைக் கொஞ்சம் குறைத்துப் பார்த்தேன், உதடு நீலமாகியது, கூட்டிவிட்டேன். சிலிண்டர் மீட்டரின் முள் சிவப்புக்குள் போய்விட்டது. வேறு வழி இருந்த எல்லா இடத்துக்கும் போன் போட்டாயிற்று. ஒரே வாரத்தில் எல்லோருக்கும் சிலிண்டர் தட்டுப்பாடாகி, எங்கும் உபரி இல்லை. வீட்டில் விட்டால் நிம்மதியாகப் போக மாட்டாள், மூச்சுத் திணறித் திணறித்தான் போவாள். அப்படி ஒரு சாவைப் பார்த்தவள் யாரும் அதைச் சம்மதிக்க மாட்டாள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

"எங்க... கொண்டு போறீங்க?" என்று அவரைக் கேட்டாள் கைருன்னிஸா.

அவர் அலமாரியிலிருந்து ஜம்ஜம் பாட்டிலை எடுத்துக்கொண்டார். "ஆஸ்பத்திரிக்கு" என்று நான் சொன்னேன். அவள் அவரைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவரிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேச மூச்சில்லையா, மனசில்லையா, எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் யாரும் தப்புச் செய்யவில்லை. நேரத்துக்குப் பார்த்தார்கள். அன்று சாயங்காலம் வராந்தா நாற்காலியில் பாய் ஜம்ஜம் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது தங்கையன் மறுபடி கூப்பிட்டார்.

"பாய், அந்த சிலிண்டர் வந்துடுச்சா? எனக்கு மனசே கேக்கல."

"வந்துடுச்சுங்க" என்றார் பாய். "அல்ஹம்துலில்லாஹ், நல்லாருக்காங்க."

மூன்றாம் நாள் விடிந்ததும் அவள் போய்விட்டாள். அவள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் இருந்தாள், இவர் வெளியே இருந்தார். வாயில் தண்ணீர் விடக்கூடாது என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னது சரிதான், புரை ஏறிவிடும். நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். சிலிண்டர் இறங்கியிருந்தால் பிழைத்திருப்பாள் என்று நான் சொல்லவில்லை. அவளுக்கு நாள் முடிந்திருந்தது. மிச்சமிருந்த நாலைந்து நாளை வீட்டில் கழித்து, கேட்ட கட்டிலிலேயே செத்திருப்பாள், அவ்வளவுதான்.

அன்றைக்கு நீங்கள் என் கையைத் தடுத்திருக்கக் கூடாது என்று நான் அவரிடம் சொன்னதில்லை. சொல்லத் தேவையில்லை. நான் போகும்போதெல்லாம் அவரே, "நீங்க சிலிண்டரப் புடிச்சீங்கள்ல சிஸ்டர்" என்று ஆரம்பிப்பார். அப்புறம் நிறுத்திவிடுவார்.

ஆப்பில் இப்போது தமிழ் வந்துவிட்டதாம், நன்றாக ஓடுகிறதாம். செம்பியன் வீட்டுக்கு வந்து துக்கம் விசாரித்தார். வைப்புத் தொகை திரும்பக் கிடைக்கும், காலி சிலிண்டரை மட்டும் திருப்ப வேண்டும் என்றார். திருப்புவதற்கும் ஓ.டி.பி. உண்டு. அது தங்கையனுக்குப் போகும்.

"ஒரு போன் போட்டாக் குடுத்துடுவாரே பாய்" என்றேன் நான்.

"குடுப்பாரு. குடுத்துட்டு, அந்தம்மா எப்படியிருக்காங்கன்னு கேப்பாரு."

கட்டிலை எடுத்துவிட்டார்கள். ஜன்னல் கம்பியோடு சங்கிலி போட்ட சிலிண்டர் மட்டும் அந்த அறையில் நிற்கிறது. கடல் காற்றில் அடிப்பக்கம் துருப் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது.