இரவல் குரலில் சொன்ன ‘இல்லை’

லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் நாங்கள் குடியிருந்த காலத்தில் என் கணவருக்கு இரண்டு குரல்கள் இருந்தன. ஒன்று அவருடையது. மற்றது இரண்டு வீடு தள்ளியிருந்த, நாங்கள் தம்பி என்று கூப்பிடுகிறவருடையது.

தம்பி மலேசியாவிலிருந்து படிக்க வந்து, கணக்காளர் வேலை கிடைத்து, இங்கேயே தங்கிவிட்டவர். கவுன்சிலோடு, வங்கியோடு, மின்சாரக்காரரோடு பேசவேண்டுமென்றால் எங்கள் தெருவில் நாலைந்து குடும்பங்களுக்கு அவர்தான் வாய். பெயருக்குரிய ஆளோடுதான் பேசுவோம் என்று மறுமுனையில் அடம்பிடிப்பார்கள். அதனால் தம்பி எங்கள் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, என் கணவராகவே மாறிவிடுவார். பிறந்த தேதி, தபால் குறியீடு, கார் நம்பர் எல்லாம் அவருக்குப் பாடம். என் மாமியாரின் தகப்பன் பெயரை என்னைவிட முந்திச் சொல்லக்கூடியவர் ஒரு மலேசியாக்காரர் என்றால் பாருங்களேன். அவர் பேசும்போது என் கணவர் பக்கத்திலிருந்து முறுக்குக் கடிப்பார். கடிக்கிற சத்தம் கேட்குமென்று நான் கண்ணைக் காட்டுவேன்.

எனக்கு இங்கிலீஷ் வராமல் இல்லை. விமானச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் இடத்தில் நின்றபடியே, காதால் பொறுக்கிச் சேர்த்த இங்கிலீஷ். ஆனால் பெண் குரலில் ஆண் பெயரைச் சொன்னால் எடுபடுமா? பக்கத்து மோர்டனிலிருந்து வந்து என்னோடு வேலை செய்த மோர்டன்காரி ஒருத்தி சொல்லுவாள்: “லண்டனில ஒவ்வொரு வீட்டுக்கும் ரெண்டு பூட்டு அக்கா. ஒண்டு திறப்பால திறக்கும். மற்றது இங்கிலீசால திறக்கும்.” அந்த இரண்டாவது பூட்டுக்கு எங்கள் தெருவில் ஒரே ஒரு திறப்பு, தம்பி.

என் கணவர் ஜெர்மனியில் பன்னிரண்டு வருடம் கார் ஓட்டியவர். லண்டனுக்கு வந்தும் அந்தப் பெருமை இறங்கவில்லை. யாராவது வேகத்தைப் பற்றிப் பேசினால் “இதெல்லாம் ஒரு வேகமே?” என்று ஒரு சிரிப்புச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை ஒரு நாள் கிங்ஸ்டன் வீதியில் மஞ்சள் பெட்டிக் கமரா ஒன்று படமெடுத்தது. கடிதம் வந்தது. தண்டம் கட்டினார், லைசென்ஸை அனுப்பினார், மூன்று தண்டப் புள்ளியோடு அது திரும்பி வந்தது, மேசை லாச்சிக்குள் போட்டார். ஒளிக்கவில்லை. வந்து போகிறவர்களுக்கெல்லாம் “என்ர வடிவைப் பார்த்துப் படமெடுத்திட்டாங்கள்” என்று சொல்லிச் சிரித்தார். தம்பியிடம் மட்டும் சொல்லவில்லை. அப்போது தம்பி தன் தகப்பனாரைப் பார்க்க ஊருக்கு, ஈப்போவுக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது கதை பழசாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் கார் இன்சூரன்ஸ் புதுப்பிக்கிற நாள் வந்தது. வழக்கம்போல தம்பி என் கணவராகி, சோபாவில் உட்கார்ந்து பேசினார். மறுமுனையில் வரிசையாகக் கேள்வி. விபத்து உண்டா? நோ. நோய் உண்டா? நோ. தண்டனை, புள்ளி ஏதாவது? நோ. முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தவருக்கு அது காதில் ஏறியதோ என்னவோ. ஏறியிருந்தாலும் வாய் திறந்திருக்க மாட்டார். ஜெர்மனியில் புள்ளி என்பது பொலிசுக்கும் ஓட்டுகிறவருக்கும் உள்ள கதை. இன்சூரன்ஸ்காரன் அதில் தலையிட மாட்டான். இங்கேயும் அப்படித்தான் என்று மனிதர் நிம்மதியாக இருந்தார்.

அந்த நிம்மதியை உடைத்தவள் மோர்டன்காரிதான். காரில் போய்வருகிற எங்கள் நாலு பேருக்கும் ஒரே இடத்தில் வேலை. என் கணவர் சாமான் ஏற்றும் பகுதியில், நாங்கள் மூன்று பெண்கள் தட்டு அடுக்குமிடத்தில். காலையும் மாலையும் அவருடைய காரில்தான் போக்குவரத்து. நான் முன்னால். பின்னால் மோர்டன்காரியும், எங்கள் பின்தெருவிலிருந்த, கைக்குழந்தைக்குத் தாயான ஒரு இளம் பிள்ளையும். அந்தப் பிள்ளை அதிகம் பேச மாட்டாள். ஏறியதும் கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவாள்.

ஒரு மாலை, வேலை முடிந்து எல்லோரும் கால் வீங்கிப்போய் வந்துகொண்டிருந்தோம். மோர்டன்காரி தன் கூடப்பிறந்த தம்பியின் கதையைத் தொடங்கினாள்.

“நிண்ட காரிலதான் அக்கா போய் இடிச்சவன். ஆருக்கும் ஒண்டுமில்லை. இன்சூரன்ஸ்காரன் விசாரிச்சுப் பார்த்தா, இவனுக்கு முந்தி வேகமா ஓடின பொயின்ற்ஸ் இருக்கு. ஏன் எங்களிட்டச் சொல்லேல்லை எண்டு கேட்டு, உன்ர காருக்கு ஒரு சதமும் தரமாட்டம், மற்றவனுக்குக் குடுக்கிறதையும் உன்னட்டத்தான் வாங்குவம் எண்டு எழுதிப்போட்டான். இனி வேற ஒரு கொம்பனியும் அவனைச் சேர்க்குதில்லை. வேலைக்கு பஸ்ஸில போறான்.”

“அவன் கேக்கேக்குள்ள சொல்லியிருக்க வேணும்,” என்றேன்.

“ஓம், அவன் வாயில கொழுக்கட்டை.”

நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கைகளில் நரம்பு எழும்பி நின்றது. வாய் மட்டும் விசிலடித்தது. அந்த மனிதர் விசிலடிக்கிறாரென்றால் உள்ளே ஏதோ கழன்றிருக்கிறது என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றுமுன்பே கேட்டேன். “என்னப்பா, அந்த மூண்டு பொயின்ற்ஸ் கதை இன்சூரன்ஸ்காரருக்குத் தெரியுமோ?”

“ஏன் தெரிய வேணும்?”

“கேட்டவங்கள்தானே. தம்பி நோ எண்டு சொன்னதை நான் காதால கேட்டனான். விபத்தைத்தான் கேக்கிறாங்களாக்கும் எண்டு இருந்திட்டன்.”

“அப்ப பிறகென்ன? சொன்னது தம்பி. நானில்லை.”

“ஆற்ற பேரில சொன்னவர்?”

அவர் தொலைக்காட்சியைப் போட்டார். அதைப் பார்த்தபடியே சொன்னார். “சும்மா இருக்கிற சங்கை ஊதிக் கெடுக்காதையும். அடுத்த வருசம் கேக்கேக்குள்ள சொல்லுவம்.”

“பின்னால ரெண்டு பேரை ஏத்திக்கொண்டு போறீங்கள். ஏதும் நடந்தா அதுகளுக்கு என்ன பதில்?”

“நான் ஓடினா ஒண்டும் நடக்காது.”

மடியிலே கனமிருந்தால் வழியிலே பயம் என்பார்கள். எங்கள் வீட்டில் கனம் அவர் மடியில், பயம் என் வயிற்றில்.

அடுத்த நாள் தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னேன். பாவம், மனிதருக்கு முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது.

“அக்கா, எனக்குத் தெரியவே தெரியாதே. அண்ணன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா யெஸ்ஸுன்னு சொல்லியிருப்பேன்ல?”

“உங்களில பிழை இல்லை தம்பி. இப்ப எடுத்துச் சொல்லுவம் எண்டுதான் கூப்பிட்டனான்.”

“எப்படிக்கா சொல்றது? எல்லா போன் காலையும் ரெக்கார்ட் பண்றாங்க. நான் திரும்பப் பேசினா திரும்ப ஏமாத்தற மாதிரி. அண்ணன் பேசினா, குரல் வேறயா இருக்கே, அன்னிக்குப் பேசினது யாருன்னு கேப்பாங்க. நான் கணக்காளர்க்கா. இதெல்லாம் வெளிய வந்தா என் வேலையே போயிடும்லா.”

அதுவரை அவர் எங்களுக்காகப் பேசியதையெல்லாம் நாங்கள் ஒரு உதவியாக மட்டுமே நினைத்திருந்தோம். ஒரு கோப்பைத் தேநீரும் இரண்டு முறுக்கும் கொடுத்தால் சரியாகிவிடும் என்கிற மாதிரி. அந்த மனிதர் ஒவ்வொரு முறையும் தன் பிழைப்பையும் சேர்த்தே எங்கள் சோபாவில் வைத்திருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஆக, ஒருவர் பெருமையில் மூடிக்கொண்டார், மற்றவர் பயத்தில் மூடிக்கொண்டார். நான் என்ன செய்வது? காரில் ஏறுவதை விட்டேன்.

சண்டை பிடிக்கவில்லை. “நீங்கள் போன் எடுத்து உள்ளதைச் சொல்லுறவரைக்கும் நான் பஸ்ஸில போறன்” என்று மட்டும் சொன்னேன். கிங்ஸ்டன் வரைக்கும் ஒரு பேருந்து, அங்கிருந்து விமான நிலையத்துக்கு இன்னொன்று. காரில் முக்கால் மணியில் போகிற தூரத்துக்கு விடிய எழும்பி ஓடவேண்டும். ஈரக் குடைகளும் பள்ளிப் பிள்ளைகளுமாய் நெரிபட்டு, எட்டு மணித்தியாலம் நின்று தட்டு அடுக்கி, திரும்பவும் அதே நெரிசல். மாலையில் கிங்ஸ்டனில் காத்துநிற்கும்போது, எங்கள் கார் அந்த வழியால் போனால் ஏறிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. வைராக்கியம் என்பதெல்லாம் கால் நோகாத வரைக்கும்தான்.

அந்தப் பின்தெருப் பிள்ளையிடமும் மோர்டன்காரியிடமும் நானே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கட்டியவரை ஊரார் முன்னால் இறக்கிவிட மனம் வரவில்லை. அவராகச் சொல்லட்டும் என்று இருந்தேன்.

ஆனால் முன் சீட் வெறுமையாக இருந்தால் ஊர் வாய் சும்மா இருக்குமா? மோர்டன்காரி தினமும் கேட்டிருக்கிறாள்.

“அண்ணை, அக்கா என்ன கோவமே?”

“இல்லை, அவவுக்கு பஸ் விருப்பம்.”

“இந்த மழைக்குள்ளயோ? அப்ப நீங்கள் ஏதோ செய்துபோட்டீங்கள். பொம்பிளையள் சும்மா பஸ் ஏறமாட்டினம்.”

இதை அவளே பிறகு சொல்லிச் சிரித்தாள். அந்த வாரம் வெள்ளிக்கிழமை நான் நனைந்துபோய் வந்து, சுவரைப் பிடித்தபடி சப்பாத்தைக் கழற்றினேன். அவர் துவாய் எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

“நாளைக்குப் போன் எடுப்பம்,” என்றார். “ஆனா எனக்கு அந்தளவுக்கு இங்கிலீசில கதைக்க வராது.”

“ஜெர்மன்காரனோட கதைச்ச வாய்தானே. வரும்.”

சனிக்கிழமை காலை தம்பியும் வந்திருந்தார். வரவேண்டாமென்று சொன்னோம். “வீட்டுல உக்காந்து பயப்படறதுக்கு இங்கயே உக்காந்து பயப்படறேன்” என்று சொல்லிக்கொண்டு சோபாவின் ஓரத்தில் ஒட்டினார். நடு இடத்தில் முதல் தடவையாக என் கணவர். தொலைபேசியின் ஸ்பீக்கரை நான் அழுத்தினேன். பாட்டு வந்தது. பாட்டு நின்று, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்றது. மறுபடியும் பாட்டு. ஒரு பானை அரிசி வெந்து வடிக்கிற நேரம் அந்தப் பாட்டைக் கேட்டோம். அவருடைய நெற்றி வியர்த்துக்கொண்டே இருந்தது.

ஒரு பெண் எடுத்தாள். பெயர், பிறந்த தேதி, முகவரி. அவருடைய பிறந்த தேதியை அவரே தடுமாறிச் சொன்னார். தம்பியின் உதடு தானாக அசைந்தது. நான் தொடையில் தட்டி அடக்கினேன்.

“எனக்கு மூன்று புள்ளி இருக்கிறது,” என்றார் என் கணவர், தன் ஜெர்மன் வாடை இங்கிலீஷில். “வேகம். போன வருடம். உங்களுக்குச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.”

அந்தப் பக்கத்தில் விசைப்பலகை தட்டுகிற சத்தம். பிறகு அவள் மரியாதையாகத்தான் கேட்டாள். புதுப்பித்தபோது இந்தக் கேள்வி உங்களிடம் கேட்கப்பட்டிருக்கிறது, ‘இல்லை’ என்று பதிவாகியிருக்கிறது. ஏன் அப்படிச் சொன்னீர்கள்?

தம்பி கண்ணை மூடிக்கொண்டார்.

என் கணவர் அவரை ஒரு தரம் பார்த்தார். பிறகு தொலைபேசியைப் பார்த்துச் சொன்னார்: “என் பெயரில் சொன்னது. என் பிழை. நான் ஜெர்மனியில் இருந்தவன். அங்கே இன்சூரன்சுக்கு இது தேவையில்லை. இங்கே தேவை என்று எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். என் காரில் ஆட்கள் வருகிறார்கள். அதனால் சொல்கிறேன்.”

அவள் மேலிடத்தில் கேட்டுவருவதாகச் சொல்லிப் போனாள். திரும்பவும் அந்தப் பாட்டு. ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. இன்சூரன்ஸை வெட்டிவிடுவார்களோ, காரை விற்க வேண்டுமோ, நாலு பேருமே இனி பேருந்துதானோ என்று என் மனம் போகாத இடமில்லை. இதைத் தொடக்கி வைத்தவளும் நான்தானே.

திரும்பி வந்தவள் சொன்னாள்: வெட்டவில்லை. திருத்திவிட்டோம். கட்டணம் கூடும், கடிதத்தில் வரும். அடுத்த தடவை கேட்கும்போதே சொல்லுங்கள். குரலைப் பற்றி அவள் ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை குரலைக் கேட்கிறாளோ, எந்தக் குரல் அவளுக்கு நினைவிருக்கப்போகிறது!

தொலைபேசியை வைத்ததும் தம்பி எழுந்தார். “அண்ணே, நல்லாத்தான் பேசுறீங்க. அப்புறம் நான் எதுக்கு?” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் அன்று அவர் முறுக்குத் தொடவில்லை. அதற்குப் பிறகும் அவர் எங்களுக்கு உதவினார். பக்கத்திலிருந்து சொல்லித் தருவார். ஆனால் யாராகவும் மாறிப் பேசமாட்டார், எங்களுக்கும் சரி, தெருவில் வேறு யாருக்கும் சரி. சிலர் அதற்காக எங்களோடுதான் முகத்தைத் தூக்கினார்கள்.

திங்கட்கிழமை நான் முன் சீட்டில் ஏறினேன். பின்னால் இருவரும் ஏறியபிறகும் அவர் காரை எடுக்கவில்லை. திரும்பாமல், கண்ணாடியைப் பார்த்தபடி முழுவதையும் சொன்னார்.

“அப்ப அண்ணை, இவ்வளவு நாளும் எங்களை ஓட்டைத் தோணியிலயோ ஏத்தித் திரிஞ்சனீங்கள்?” என்றாள் மோர்டன்காரி.

“ஓம்,” என்றார் அவர். “இப்ப அடைச்சாச்சு.”

பின்தெருப் பிள்ளை அன்று தூங்கவில்லை. வழி முழுக்க வீதியையே பார்த்துக்கொண்டு வந்தாள். அடுத்த வாரம், தோர்ண்டன் ஹீத்திலிருக்கிற தன் சொந்தக்காரரின் வாகனத்தில் வேலைக்குப் போவதாகச் சொல்லி நின்றுவிட்டாள். “கோவமில்லை அக்கா, சின்னப்பிள்ளைக்காரி நான்” என்றாள். கோபமென்று சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டுக் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மோர்டன்காரி மட்டும் தொடர்ந்து எங்களோடு வந்தாள். பின் சீட்டின் நடுவுக்கு நகர்ந்து, இரண்டு சீட்டுக்கும் இடையால் தலையை நீட்டி, வேகம் காட்டுகிற முள்ளைப் பார்த்துக்கொண்டே வருவாள். முள் கொஞ்சம் ஏறினால் “அண்ணை” என்பாள். அவ்வளவுதான். அவர் காலை எடுப்பார். பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடிப்பான். லொறியும் வானும், முன்பு நான் ஏறி நெரிபட்ட அதே கிங்ஸ்டன் பேருந்தும், எங்களை முந்திக்கொண்டு போகும். களைத்துப்போன மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு போவோம்.