கதவருகே நின்ற கோழி

என் அத்தானுக்குக் கறிக்கடை. அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காலையில் கத்தியைச் சாணை பிடிப்பார், கடை மூடும்போது வெட்டுக்கட்டையை உப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுவார், நடுவில் நாள் முழுக்க நின்றபடியே இருப்பார். கட்டைவிரல் ஒவ்வொன்றும் மற்றவர்களுடைய இரண்டு விரல் தடிமன். பேச்சு மட்டும் குறைவு. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம், வாயும் நீளம். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை என்னுடையது. பொழுதெல்லாம் இருட்டுக் குழிக்குள் தனியாகக் கிடந்துவிட்டு வருகிறவன் வெளியே வந்தால் பேசத்தானே செய்வான்.

அவரிடம் எனக்கு எட்டாத குணம் ஒன்று உண்டு. சண்டைக்கு வருகிற வாடிக்கையாளரை இடைமறிக்கவே மாட்டார். எலும்பு அதிகம், கொழுப்பு அதிகம், நேற்று வாங்கியது வேகவே இல்லை என்று யாராவது கத்த ஆரம்பித்தால், கத்தியைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்பார். அவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்சம் பொறுத்து, "சொல்லி முடிச்சிட்டீங்களா?" என்பார். பாதிப் பேர் அங்கேயே சிரித்துவிடுவார்கள். நானாக இருந்தால் முதல் வார்த்தையிலேயே சட்டைக் கையை மடக்கியிருப்பேன்.

வீடு கடைக்கு மேலே. ஏறிப் போக இரண்டு வழி. கடைக்குள் நுழைந்து, தராசைத் தாண்டி, உள்படியில் ஏறலாம். இல்லையென்றால் சுற்றிக்கொண்டு பின்சந்துக்குப் போய், குப்பைத் தொட்டிகளைத் தாண்டி இரும்புப் படியில் ஏறலாம். அக்கா மகள் சின்னப் பிள்ளையாக இருந்தவரை கடை வழியாகத்தான் ஓடி வருவாள். பிறகு பள்ளியில் யாரோ அவள் பக்கத்தில் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களாம். அன்றிலிருந்து பின்சந்துதான். கறி சாப்பிடுவதையும் விட்டுவிட்டாள். அத்தான் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் பள்ளி விடும் நேரமானால் அவர் கண் தானாகத் தெருவுக்குப் போகும். அவள் முனையில் திரும்பிச் சந்துக்குள் மறைவதைப் பார்த்துவிட்டு மறுபடி கட்டைக்கு வரும். 

அந்த வீட்டுக்குள் வீடியோ கேமைக் கொண்டுவந்தவன் நான்தான். மந்திரமும் ராட்சசர்களும் நிறைந்த பெரிய கதை அது. ஒரு வழிப்போக்கன் மலையுச்சியில் இருக்கிற கதவைத் தேடிப் போகிறான். வழியில் திருடலாம், காப்பாற்றலாம், காட்டிக்கொடுக்கலாம், கொல்லலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். கணக்கெல்லாம் கடைசியில்தான். அவன் கொன்ற ஒவ்வொன்றும் அந்தக் கதவருகே வந்து நின்று, "ஏன்?" என்று கேட்கும்.

அக்கா மகள் அதில் புலி. அவள் கதவருகே போனபோது பெரிய படையே நின்றது. எல்லோரிடமும் சேர்த்து ஒரே அமுக்கில் மன்னிப்புக் கேட்டாள். கதவு ஒரு ஆள் ஒருக்களித்து நுழைகிற அளவுக்குத் திறந்தது. உள்ளே ஆளில்லாத முற்றம், நாற்காலியில் ஒரு கிரீடம், அவ்வளவுதான். அவள் தோழிகளுக்கும் அதே முடிவுதானாம்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் சும்மா இருக்காமல் வாயைக் கொடுத்தேன். இத்தனை பேரை வெட்டிச் சாய்த்தவள் பேசாமல் அப்பா கடையில் வேலைக்குச் சேர்ந்துவிடலாமே என்றேன். அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அது கேம், மாமா. அப்பா நிஜமாவே வெட்டறார். கேம்லகூட அவரால வெட்டாம இருக்க முடியாது."

அத்தான் அப்போது குழாயடியில் முழங்கை வரை சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா பரிமாறிக்கொண்டிருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது. அவர் திரும்பாமலேயே, "இருந்துட்டா?" என்று கேட்டார்.

அவளுக்கும் வீம்பு. "ஒரு உயிரைக்கூடக் கொல்லாம அந்தக் கதவைத் தாண்டிடுங்க. அப்புறம் நான் கடை வழியாவே வர்றேன்."

சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கேம் ஆடுகிற அந்தப் பட்டன் சாமானை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லித் தரச் சொன்னார். வாழ்நாளில் அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி அதுதான்.

அப்புறம் நான் பட்ட பாடு இருக்கிறதே! அவர் கட்டைவிரலை வைத்தால் இரண்டு பட்டன் சேர்ந்து அமுங்கும். நடக்கச் சொன்னால் குதிப்பார். கிணற்றைக் கண்டால் போதும், நேரே உள்ளேதான். நான் தலையில் அடித்துக்கொள்வேன். அவர் அலட்டிக்கொள்ளாமல் மறுபடி கிணற்றிலிருந்து ஏறி வருவார். திருடர்கள் மறித்தால் பையைக் கழற்றிக் கொடுத்துவிடுவார். ஓநாய் துரத்தினால் மரத்தில் ஏறி, அது சலித்துப் போகும்வரை உட்கார்ந்திருப்பார். கத்தி இடுப்பில் தொங்கிக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு வெட்டு போதுமே என்று நான் கத்துவேன். காதிலேயே வாங்கமாட்டார்.

மலைக்குப் போகிற பாலத்தில் ஒரு ராட்சசன் உண்டு. அவனை வெட்டாமல் யாரும் தாண்டியதில்லை. வெட்டுவதற்கு முன் அவன் நீளமாக ஒன்று பேசுவான். நானும் அக்கா மகளும் அதை முழுதாகக் கேட்டதே கிடையாது. அத்தான் கையிலிருந்ததை மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். பாலம் ஒழுகுகிறது, கால் வலிக்கிறது, போகிறவர் வருகிறவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று அவன் புலம்பிக்கொண்டே போனான்.

மூலையில் புத்தகம் படிப்பதாகப் பாவனை செய்துகொண்டிருந்த மகளுக்குப் பொறுக்கவில்லை. "அதுக்கு ஒரு பட்டன் இருக்குப்பா. பேச்சைத் தாண்டிப் போயிடலாம்."

"பாவம், பேசிட்டுப் போகட்டுமே."

பேசிக் களைத்த ராட்சசன் கடைசியில், இவ்வளவு நேரம் யாரும் தன் பேச்சைக் கேட்டதில்லை என்று சொல்லிவிட்டு ஓரமாக நகர்ந்து வழிவிட்டான்.  மூலையிலிருந்த புத்தகம் மெல்லக் கீழே இறங்கியது. அடுத்த நாள் அவள் மூலையை விட்டு சோபாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

கதவருகே அவர் போய்ச் சேர்ந்ததும் ஒரு விடுமுறை நாள்தான். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். கல் வாசல், பனி, பெரிய இரட்டைக் கதவு. எதிரே ஈ காக்காய் இல்லை. நான் சோபாவை விட்டுத் துள்ளி எழுந்து கத்திவிட்டேன். கத்தி முடிப்பதற்குள் ஒரு பாறைக்குப் பின்னாலிருந்து எதையோ கொத்திக்கொண்டே ஒரு பழுப்புக் கோழி நடந்து வந்தது.

முதல் கிராமத்தில் காலில் அடிபட்டு, பசியில் சுருண்டு கிடந்த ஒரு காவல்காரனுக்கு அத்தான் கோழி பிடித்து சூப் வைத்துக் கொடுத்திருந்தார். அன்றைக்கு அதைப் பற்றி அவருக்கு அவ்வளவு பெருமை. பக்கத்திலிருந்த நானும் முதுகில் தட்டிக்கொடுத்தேன், அக்காவும் பாராட்டினாள். மகள் அப்போது பக்கத்தில் இல்லை. வேறு எந்த வீடாக இருந்தாலும் ஒருவருக்காவது உறைத்திருக்கும். கறிக்கடைக்காரர் குடும்பத்தில் கோழி என்றால் சமையல். அது ஒரு உயிர் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த டிவியைத் தூக்கிப் போட்டு உடைத்திருப்பேன். மகள் சிரித்தால் நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று தயாராக இருந்தேன். அவள் சிரிக்கவில்லை.

"தோத்துட்டேம்மா," என்றார் அவர்.

கோழி அவரை நிமிர்ந்து பார்த்து, "ஏன்?" என்றது. திரையில் மூன்று பதில்கள் வந்தன: நான் கொல்லவில்லை. என்னை மன்னித்துவிடு. ஆமாம், கொன்றேன்.

"மன்னிப்பை அமுக்குங்கப்பா," என்றாள் மகள், குரலைத் தாழ்த்தி. "கதவாவது திறக்கும். எல்லாரும் அதைத்தான் அமுக்குவாங்க."

அவர் கோழியைப் பார்த்தபடியே தலையாட்டி மறுத்தார். "தப்புன்னு மனசுக்குப் பட்டா மன்னிப்பு கேக்கலாம். பசிச்சுக் கெடந்தவனுக்கு ஆக்கிப் போட்டேன். ஒரு துண்டுகூட வீணாக்கலை. கதவு திறக்கணுங்கறதுக்காக அதுகிட்டப் போய் பொய் சொல்லவா?"

சொல்லிவிட்டு மூன்றாவதை அமுக்கினார், ஒரே பட்டன், ஒரே தடவை. கோழி யாருக்காக என்று கேட்டது. பசித்தவனுக்காக என்று பதில் கொடுத்தார். அவன் பசி தீர்ந்ததா என்று கேட்டது. தீர்ந்தது என்றார். கோழி திரும்பி, தன் வீட்டுக்கு வழிகாட்டுவதுபோல் முன்னால் நடந்தது.

கதவு இரண்டு பக்கமும் சுவரில் போய் மோதுகிற அளவுக்குத் திறந்தது. திறந்துவிட்டவன் அந்தக் காவல்காரன், காலில் கட்டுடன். பின்னால் பாலத்து ராட்சசன், பையைப் பிடுங்கிய திருடர்கள், மதில்மேல் ஓநாய்கள், அவர் உயிரோடு விட்டுவிட்டு வந்த அத்தனை பேரும் முற்றம் கொள்ளாமல் நின்று ஆரவாரம் செய்தார்கள். எங்களுக்கும் தலைகால் புரியவில்லை. நான் சோபாமேல் ஏறிக் குதித்ததில் அது ஒரு பக்கமாக உட்கார்ந்துவிட்டது. அக்கா சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். என் அத்தானைப் போல ஒருவர் உண்டா என்று எனக்கு நெஞ்சு விம்மியது, சொல்ல என்ன வெட்கம்.

"இது எங்க யாருக்குமே வரலையே," என்று மகள் திரையைப் பார்த்தபடி சொன்னாள்.

அத்தான் டிவியை அணைத்தார். "பேச்சுன்னா பேச்சுதான். ஒரு உயிர் போயிருக்கு. நீ உன் வழியாவே வாம்மா. மழை பெஞ்சா அந்தப் படி வழுக்கும், பாத்து ஏறு."

அவள் எழுந்து அறைக்குள் போய்விட்டாள்.

மறுநாள் கடையின் இரும்புக் கதவு மாட்டிக்கொண்டது என்று அத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார். நான் ஸ்டூலில் ஏறி நின்று கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தேன். நல்ல கூட்டம். ஒரு பெரியவர் எலும்பைப் பற்றி ஆரம்பித்து, ஊரில் எதுவுமே சரியில்லை என்கிற இடத்துக்கு வந்திருந்தார். பள்ளி விடும் நேரம். அத்தான் கண் வழக்கம்போல் தெருவுக்குப் போனது. முனையில் அக்கா மகள், கூடவே இரண்டு தோழிகள். சந்துப் பக்கம் திரும்பாமல் நேரே வந்தாள். வரிசையை விலக்கிக்கொண்டு, ஈரத் தரையில் ஷூ சத்தம் கேட்க உள்ளே வந்து தராசுக்குப் பக்கத்தில் நின்றாள். தோழிகளில் ஒருத்தி மூக்குக்குக் கொண்டுபோன கையைப் பாதியிலேயே இறக்கிக்கொண்டாள்.

"இவர்தான் எங்கப்பா," என்றாள், கடை முழுக்கக் கேட்கும்படி. "கதவு முழுசாத் திறந்தது இவருக்குத்தான்."

"அங்கிள், அந்த ராட்சசனை எப்படித் தாண்டினீங்க?" என்று கேட்டாள் மற்றவள்.

அத்தான் கொஞ்சம் இருங்கள் என்பதுபோல் அவர்களுக்குக் கையைக் காட்டினார். கத்தியைக் கீழே வைத்தார். பெரியவர் பக்கம் திரும்பி, மீதி எல்லாவற்றையும் கடைசி வரை கேட்டார். பிறகு அத்தான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"சொல்லி முடிச்சிட்டீங்களா, ஐயா?"

பெரியவர் சிரித்துவிட்டார். வரிசையே சிரித்தது. தோழிகளுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அவள் இன்றுவரை கறியைத் தொடுவதில்லை, அத்தானும் தொடச் சொல்வதில்லை. பள்ளி விடும் நேரமானால் மட்டும், தராசுக்குப் பக்கத்தில் இருக்கிற வாளியை, அவள் இடறிவிடக் கூடாதென்று ஓரமாக நகர்த்தி வைக்கிறார்.