வசந்தா கையில் பந்து

வசந்தா போய்விட்ட செய்தியை அவள் மகள் தொலைபேசியில் சொன்னபோது நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். "அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க பெரியம்மா" என்றாள். கையைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்து அழுதேன். கோவில்பத்திலும் கோட்டுச்சேரியிலும் இருந்து வந்து அவளோடு கூடைப்பந்து ஆடியவர்களுக்காக இதை எழுதுகிறேன். அழுதது போதும். அவள் ஜெயித்த கதையைச் சொல்லித்தான் அவளை அனுப்ப வேண்டும்.

எழுபதுகளின் கடைசியில் காரைக்கால் பெண்கள் அணியில் அவள்தான் குள்ளம். வாய் மட்டும் நீளம். "உயரம் பத்தாது வசந்தா, நீ வெளியில உக்காரு" என்பார் பயிற்சியாளர். "பந்தத் தரையிலதானே சார் தட்டணும்? தரைக்கு நான்தான் பக்கம்" என்பாள். அவர் சிரிப்பார், ஆனால் ஆட்டத்தில் இறக்க மாட்டார். பந்து யார் கையில் கிடைக்கிறதோ அவள் கூடையை நோக்கி ஓடுவதுதான் எங்கள் வழக்கம். நெட்டைக்கொக்கு என்று பேர் வாங்கிய நான் அடிக்கடி ஓடி அடிக்கடி பறிகொடுப்பேன்.

அந்த ஆண்டு புதுச்சேரிக்கு ஆடப் போனபோது, முதல் ஆட்டத்திலேயே தோற்றால் இனி காரைக்காலுக்குத் தனிப் பெண்கள் அணி கிடையாது என்று சொல்லியே அனுப்பினார்கள். அணி போனால், வீட்டைவிட்டு வெளியே வர எங்களுக்கு இருந்த ஒரே சாக்கும் போய்விடும்.

அங்கே சிமெண்டுத் தளம். எங்கள் ஊரில் மணல் கலந்த மண்தரை. ஓங்கி அடித்தால்தான் பந்து இடுப்புக்காவது வரும். பழக்க தோஷத்தில் அங்கேயும் ஓங்கி அடித்தோம். பந்து முகத்துக்கு எழும்பியது, எதிரணி சுலபமாகப் பறித்துக்கொண்டு போனது. இடைவேளைக்குள் மானம் கப்பலேறிவிட்டது.

வசந்தாவின் வீடு கோட்டுச்சேரியில் அரிசி ஆலையை ஒட்டி இருந்தது. காயவைத்த நெல்லை அள்ளிய பிறகு, ஆலையின் சிமெண்டுக் களத்தில்தான் தினமும் பந்து தட்டுவாள். "சார், இது எங்க மில்லு களம் மாதிரியேதான் இருக்கு. என்னைய இறக்குங்க" என்று எழுந்தே நின்றுவிட்டாள். வேறு வழியில்லாமல் அவரும் இறக்கினார். எங்களிடம் திரும்பி, "யார் கையில பந்து வந்தாலும் எங்கிட்ட குடுங்கடி" என்றாள். என்னைப் பார்த்து, "நீ கூடைக்குக் கீழ போயி நில்லு. கைய மட்டும் தூக்கு."

பந்து முழங்காலுக்கு மேல் எழாமல் அவள் கையோடு ஓடியது. குனிந்து பறிக்க வந்தவர்கள் தடுமாறினார்கள். அவளை மறிக்க இரண்டு பேர் போனதும் எங்களில் ஒருத்தியைக் காவல் காக்க ஆளில்லை. அன்றுதான் எங்களுக்கு ஆளுக்கொரு வேலை என்று அமைந்தது. ஓடத் தெரிந்தவள் ஓரத்தில் ஓடினாள், குறி பார்க்கத் தெரிந்தவள் நின்று எறிந்தாள், நான் கீழே நின்று போட்டேன். புள்ளிகள் சமமாகி ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் மூன்று பேர் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்கள் கால்களுக்கு நடுவே தரையில் தட்டி எழும்பி, பந்து என் கைக்கு வந்தது. போட்டேன். ஜெயித்தோம்!

எல்லோரும் சேர்ந்து என்னைத் தூக்கிவிட்டார்கள். "போட்டது நீதான். கொண்டாந்தது யாருடி?" என்று கீழே இருந்து வசந்தா கத்தினாள். "நீதாண்டி, நீதான்!" என்று மேலே இருந்து நானும் கத்தினேன். அடுத்த ஆண்டும் காரைக்கால் பெண்கள் போனார்கள். பந்து முதலில் வசந்தாவிடம் போனது.

இப்போது என் நினைவில் மிஞ்சி இருப்பது அவள் முகம். பந்து தட்டும்போது எங்கள் கண் பந்தின் மேலேயே இருக்கும். அவள் பந்தைப் பார்த்ததே இல்லை. தலை நிமிர்ந்து, எங்களில் யார் எங்கே நிற்கிறோம் என்று தேடிக்கொண்டே வருவாள். அப்படி என்னைத் தேடி வந்த முகம் வேறொன்று எனக்கு வாய்க்கவில்லை.