நாலாயிரத்தில் அறுபத்தொன்று

டோரீன் ஹாலுஷாக் கனடாவின் சஸ்காட்டூனில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தார். ஆய்வுக்கட்டுரைகளை இணையத்தில் எத்தனை பேர் திறந்து படித்தார்கள் என்று கணக்கிட்டுச் சான்று எழுதுவது அவர் பணி. "ஊர்ல யாரு என்ன படிக்கிறாங்கன்னு எட்டிப் பாக்குறதுக்குச் சம்பளம் வாங்குறா" என்பார் கணவர்.

ஒரு பிப்ரவரியில், இயற்பியல் துறையின் லீலண்ட் ஃப்ரீசனுக்கு வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது. கனத்த கல்லைப் பனித்தரையில் வழுக்கவிட்டு இலக்கில் நிறுத்தும் ஆட்டம் கர்லிங்; அதற்காகத் தரையில் தூவி உறையவிடும் நீர்த்துளிகள், கல்லின் பாதையை எப்படி வளைக்கின்றன என்பது அவருடைய கட்டுரை. அது 4,112 முறை படிக்கப்பட்டதாக டோரீன் சான்றெழுதித் தேர்வுக்குழுவுக்கு அனுப்பியும்விட்டார்.

மறுவாரம் பதிவுகளைப் புரட்டியபோது ஒன்று உறுத்தியது. ஒவ்வொரு மணியிலும் சரியாகப் பதினேழாம் நிமிடத்தில் ஒரு வாசிப்பு. கிறிஸ்துமஸ் அன்றும் அப்படியே. இணைப்புகள் அறுந்துள்ளனவா என்று பார்க்க டோரீனே எழுதி, அந்தக் கட்டுரையில் சோதித்துவிட்டு, நிறுத்த மறந்த நிரல் அது.

ஃப்ரீசனின் அறைக்கு நேரில் போனார்.

"லீலண்ட், உன் கட்டுரைய விடாம படிச்சது யாருன்னு கண்டுபிடிச்சிட்டேன். என் கம்ப்யூட்டர்."

"வெளையாடாதீங்க டோரீன். வெள்ளிக்கிழமை குழு கூடுது."

"அதான் இன்னைக்கே வந்தேன். நெசமான கணக்கு அறுபத்தொண்ணு."

"அதுல பாதி நானாத்தான் இருப்பேன்."

"உன்னோடதையும் கழிச்சாச்சு. பதிமூணு தடவ."

ஃப்ரீசன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சொல்லாம விட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ல. கீழ இருக்கிற கையெழுத்து என்னோடது."

அந்த அறுபத்தொன்றில் முப்பத்தெட்டு, மெல்ஃபோர்ட், கின்டர்ஸ்லி போன்ற சிற்றூர்களிலிருந்து வந்தவை. கர்லிங் அரங்கு இல்லாத ஊர் அங்கே ஏது? ஆகவே படித்தவர்கள் அரங்குக்காரர்கள்தான் என்பதை ஊர்ப்பெயர் மட்டும் நிரூபிக்காது என்று டோரீனுக்குத் தெரியும். ஒன்பது அரங்குகளுக்குத் தொலைபேசினார். மெல்ஃபோர்டில் பனித்தரையைப் பராமரிப்பவர் சொன்னார்:

"ஏழாம் பக்கத்து அட்டவணையா? செவுத்துல ஒட்டியிருக்கேன். தூவுற தண்ணியோட சூட்ட அதப் பாத்துதான் வைக்கிறேன். மத்த பக்கமெல்லாம் எந்தப் புண்ணியவானுக்காக எழுதினாரு?"

புதிய சான்று நான்கு வரிதான்: "வாசிப்பு 61. முன்பு தந்த எண் என் பிழை. ஐந்து அரங்குகளில் ஏழாம் பக்கம் சுவரில் ஒட்டப்பட்டுள்ளது. அதை எண்ணும் முறை எங்களிடம் இல்லை."

வெள்ளிக்கிழமை குழு, நான்குக்கு மூன்று என்ற வாக்கில் ஃப்ரீசனின் வேலையை நிரந்தரமாக்கியது. எதனால் என்று குறிப்பில் எழுதவில்லை. ஓய்வுபெறும்வரை டோரீன் எழுதிய ஒவ்வொரு சான்றின் அடியிலும் எவருடைய வாசிப்புகளைக் கணக்கிலிருந்து கழித்தார் என்ற பட்டியல் இருந்தது. முதல் வரியில் டோரீனின் சொந்தப் பெயர்.