தரங்கம்பாடிக்கு நான் சொன்ன வழி

தரங்கம்பாடிக்குக் குடும்பத்தோடு போக இரண்டு மாதம் திட்டம் போட்டேன். ஓசூரிலிருந்து எந்தப் பேருந்து, கோட்டைப் பக்கம் எப்போது வெயில் தணியும், எங்கே மீன் சாப்பாடு என்று ஒரு நோட்டே நிரம்பியது. தினமும் கம்பெனியில் டீ பிரேக்கில் எல்லோருக்கும் அதை வாசித்துக் காட்டுவேன். கடலைப் பற்றிப் படித்த அளவுக்கு நான் கடலைப் பார்த்தவனில்லை.

எங்கள் லைனில் ஒரு நாளைக்கு ஒருவருக்குத்தான் லீவு. முதலில் எழுதிக் கொடுப்பவருக்கு. நோட்டை முடித்துவிட்டு நான் போனபோது, பக்கத்து மெஷின் ஊத்தங்கரைக்காரர் நான் குறித்து வைத்திருந்த மூன்று நாட்களையே வாங்கியிருந்தார்.

“நீங்க சொல்லச் சொல்ல ஆசையாயிடுச்சுண்ணா” என்றார்.

“கடல் எங்கயும் போவாது, லீவுதான் போயிடும்னு அப்பவே சொன்னேன்” என்றாள் என் மனைவி.

சனிக்கிழமை கேன்டீனில் சாம்பார் சாதத்தோடு உட்கார்ந்திருந்தபோது அவருடைய போன் வந்தது. பின்னால் அலைச் சத்தம்.

“அண்ணா, அந்த மீன் கடைக்குக் கோட்டையிலருந்து எந்தப் பக்கம்?”

வலது பக்கம் என்பது எனக்கு மனப்பாடம். “இடது பக்கம்” என்றேன்.

கால் மணி நேரத்தில் ஒரு படம் வந்தது. வாழை இலையில் வஞ்சிரம், சுற்றிலும் அவர் பிள்ளைகளின் சிரிப்பு. கூடவே அவர் குரல்: “இப்படி ஒரு மீனைத் தின்னதே இல்லண்ணா. உங்களத்தான் நெனச்சுக்கிட்டோம்.”

பொறாமையைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை எனக்கு. வீட்டுக்கு வந்ததும் நோட்டில் ‘வலது பக்கம்’ என்பதை அடித்துவிட்டு ‘இடது பக்கம்’ என்று எழுதினேன். திங்களன்று முதல் ஆளாக லீவு எழுதிக் கொடுத்தேன், டீ பிரேக்கில் வாயைத் திறக்காமல்.