தடுத்து வைத்திருந்த எண்

இன்று கும்மிடிப்பூண்டி பஜாரில் புது போன் வாங்கினேன். பழையதில் இருந்தவற்றை மாற்றிக்கொண்டிருந்த கடைக்காரப் பெண் கேட்டாள்:

"சார், பிளாக் பண்ண நம்பர் ஒண்ணு கீது. ஆறு மெசேஜ் வந்துக்குது. எல்லாத்தையும் அழிச்சிடவா?"

என் தம்பியின் எண். திருநின்றவூர் மனைத் தகராறில் நான்கு வருடத்துக்கு முன்பு நான்தான் தடுத்து வைத்தேன்.

போன மாதம் அவன் இறந்துவிட்டான். "ஆஸ்பத்திரியில் கிடந்தும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே, எவ்வளவு திமிர்!" என்று சாவு வீட்டில் எல்லோர் முன்பும் அவனைத் திட்டினேன்.

கடைசிச் செய்தியைத் திறந்தேன்.

"அண்ணா, ஆஸ்பத்திரில கீறேன். மனைய நீயே வச்சிக்க. ஒரு தபா வந்து பாத்துட்டுப் போ."

"இன்னா சார், அழிச்சிடவா?"

"வேணாம்மா" என்றேன். அங்கேயே நின்று தடையை நீக்கினேன். எவ்வளவு பெரிய மனது எனக்கு!

உங்கள் போனில் தடுத்து வைத்த எண்களின் பட்டியலில் யார் இருக்கிறார்கள்?