ஈரத் தீப்பெட்டிக்கு ஒரு மீசை

எங்கள் தெருமுனைச் சலூனில் முடிவெட்ட உட்காருகிறவர்கள் எல்லோரும், தெரிந்தோ தெரியாமலோ, ஒரு கச்சேரிக்கு டிக்கெட் வாங்கியவர்கள். கழுத்தில் துணியைக் கட்டி முடிச்சுப் போட்ட பிறகு எழுந்து ஓடவும் முடியாது. சலூன்காரருக்கு அது நன்றாகவே தெரியும்.

அவர் போடுவது ஒரே குழுவின் பாட்டுகளை. குழுவின் பெயர் 'ஈரத் தீப்பெட்டி'. கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். வருத்தப்பட வேண்டாம், அதில் டிரம்ஸ் வாசித்தவரின் மாமியாரே கேள்விப்பட்டதில்லையாம். ராக் பாடுகிறோம் என்று கிளம்பிய நாலு பேர். ஒரே ஒரு ஆல்பம் போட்டார்கள், அது விற்கவில்லை. யாரால் விற்கவில்லை என்று சண்டை போட்டார்கள், பிரிந்தார்கள். சலூன்காரரைப் பொறுத்தவரை இது உலகம் செய்த துரோகம். அதில் எனக்குப் பங்கில்லை என்று அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு யாரும் தப்பித்துவிட முடியாது.

ஆல்பத்தின் வரிசைப்படிதான் அவர் கை வேலை செய்யும். முதல் பாட்டு 'மாடிக்குத் தண்ணி ஏறல'. காற்றை உறிஞ்சும் மோட்டார் மாதிரி கிட்டார் இருமிக்கொண்டே தொடங்கும். அப்போது பின்கழுத்தில் மெஷின் ஓடும். எது மெஷின், எது கிட்டார் என்று பிரித்தறிய முடியாது. "அதாங்க அந்தப் பாட்டோட அழகே" என்பார். அடுத்தது 'எட்டாம் நம்பர் பஸ்'. டிரம்ஸ் கிளம்பும், நிற்கும், மறுபடி கிளம்பும், கடைசியில் ஆளை ஏற்றாமலே போய்விடும். கத்தரிக்கோலும் சீப்பின் மேல் அப்படியே ஓடி, நின்று, ஓடும். பஸ்ஸைத் தவறவிட்டவன் குரலில் கோபம் இருக்காது, பழகிப்போன சலிப்புதான். அந்த இடத்தில் சலூன்காரர் கத்தரியை நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் நம் முகத்தைப் பார்ப்பார். நாமும் உச்சுக்கொட்டினால் கிருதா ஒழுங்காக அமையும்.

மூன்றாவதுதான் மகுடம்: 'ராங் நம்பர்'. தவறாக வந்த போனை வைக்க மனமில்லாமல், முன்பின் தெரியாத ஆளிடம் ஒருவன் "சாப்ட்டாச்சா?" என்று விசாரித்துக்கொண்டிருக்கிற பாட்டு. குரலை உயர்த்தவே மாட்டான். பக்கத்து அறையில் யாரோ மெதுவாக நடப்பதுபோல பேஸ் கிட்டார் கூடவே வரும். சவரக்கத்தியை அவர் எடுப்பது இந்தப் பாட்டில்தான். உண்மையிலேயே நல்ல பாட்டு. நான் சொன்னதாக அவரிடம் சொல்லிவிடாதீர்கள், அப்புறம் என்னை விடமாட்டார்.

அதற்கடுத்து 'பக்கத்து வீட்டு மிக்ஸி'. டிரம்ஸ் உருண்டு உருண்டு கொட்டும். கத்தியையெல்லாம் கழுவி வைத்துவிட்டு, அதே வேகத்தில் விரல்கள் பத்தையும் நம் மண்டையில் இறக்கி மசாஜ் செய்வார்.

கடையில் இரண்டாவது நாற்காலி அவருடைய மச்சினனுக்கு. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் மனைவியின் பியூட்டி பார்லர். தடுப்பு பார்வைக்குத்தான், காதுக்கு இல்லை.

"மாமா, கஸ்டமரெல்லாம் எதிர்க்கடைக்குப் போறான்" என்று, நான் மாமாவின் நாற்காலியில் இருந்த ஒரு நாள், ஆரம்பித்தான் மச்சினன்.

"அங்க ஏசி இருக்கு. அதுக்குப் போறான்டா."

"பாட்டுக்குப் பயந்து போறான் மாமா. நேத்து ஒருத்தர் பாதியில எந்திரிச்சு, மிச்சத்த வீட்லயே பாத்துக்கறேன்னுட்டார்."

"அவருக்கு ஏதோ அவசரம்."

"அவசரம்தான். உயிர் தப்பிக்கற அவசரம்."

தடுப்புக்குப் பின்னாலிருந்து தீர்ப்பு வந்தது. "ரெண்டு பேரும் வாய மூடுங்க. சனிக்கிழமை கடை சாத்தறதுக்குள்ள, யாராவது ஒரு கஸ்டமர் தானா வாயத் தொறந்து இது யாரு பாட்டுன்னு கேக்கட்டும். கேட்டா பாட்டு இருக்கும். கேக்கலேன்னா ஸ்பீக்கர் தம்பிக்கு, எஃப்எம் வெச்சுக்கட்டும். என்னங்க, நீங்க யாருக்கும் எடுத்துக்குடுக்கக் கூடாது."

எனக்கு ஏற்கெனவே பதில் தெரியும் என்பதால் என் கேள்வி செல்லாது என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டார்.

சலூன்காரருக்கு இது விளையாட்டாக இல்லை. "இந்த ஊர்ல அவங்க பாட்டு வெளிய கேக்கற எடம் இது ஒண்ணுதான். இதையும் நிறுத்திட்டா, அன்னிக்குத்தான் அவங்க நெஜமாவே பிரிஞ்சதா அர்த்தம்" என்றார் என் காதுக்குப் பின்னாலிருந்து. கேலி செய்ய வாயெடுத்தேன். கத்தி அவர் கையில் இருந்ததால் விட்டுவிட்டேன்.

அந்த வாரம் கேள்விகளுக்குக் குறைவில்லை. "ஸ்பீக்கர் வயர் லூசா?" என்று கேட்டார் எலக்ட்ரீஷியன். "மேல டைல்ஸ் வேலை நடக்குதா?" என்றார் மருந்துக்கடைக்காரர். கல்லூரிப் பேராசிரியர் கண்ணை மூடி நெடுநேரம் கேட்டுவிட்டு, "இது யாரு..." என்று தொடங்கினார். சலூன்காரர் கத்தரியை அந்தரத்தில் நிறுத்தினார். "...மாட்டின ஃபேன்? இப்படி ஆடுதே" என்று முடித்தார் பேராசிரியர்.

சனிக்கிழமை மதியம் வந்து உட்கார்ந்தார் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். மீசைக்காகவே ஊரில் தெரிந்த ஆள். கிளட்ச்சைப் பற்றிப் பாடம் நடத்துவதைவிட மீசையைப் பற்றி நடத்துவதுதான் அதிகம். "கன்னத்த மட்டும் வழிச்சா போதும். மீசைப் பக்கம் கை வரக் கூடாது" என்று உத்தரவு போட்டார்.

பந்தய முடிவைப் பார்க்கப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான் ஒன்றைக் கவனித்தேன். பஸ் பாட்டு ஓடும்போது மாஸ்டரின் வலது கால் தாளம் போட்டது. டிரம்ஸ் நிற்கிற இடத்திலெல்லாம் பிரேக்கை மிதிப்பதுபோல அழுத்தியது. மச்சினனும் அதைப் பார்த்துவிட்டான். அடுத்து 'ராங் நம்பர்' வந்தால் இந்த ஆள் கேட்டாலும் கேட்டுவிடுவார். சார்ஜ் போடுகிற சாக்கில் மாமாவின் போனை எடுத்து, பாட்டு வரிசையைக் கலைத்துப் போடும் பொத்தானை அமுக்கிவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல வந்து சீப்பைத் துடைத்தான்.

சலூன்காரர் நுரை தடவி, கத்தியை மீசையோரம் வைத்தார், மெதுவான பாட்டை எதிர்பார்த்து. வந்தது மிக்ஸி. டிரம்ஸ் கொட்டியது. தலைக்குத் தெரிவதற்குள் கைக்குத் தெரிந்துவிட்டது. மிக்ஸி என்றால் விரல்கள் இறங்க வேண்டும், இறங்கின. விரல்களோடு கத்தியும் இறங்கியது.

நல்லவேளை, ரத்தம் இல்லை. ஒரு பக்கம் மீசையும் இல்லை.

மாஸ்டர் கண்ணாடியில் இடதுபக்கம் பார்த்தார், வலதுபக்கம் பார்த்தார். மறுபடி இடதுபக்கம் பார்த்தார். அப்புறம் வெடித்தார்.

"யோவ்! எவன் பாட்டுய்யா இது? பேரச் சொல்லு! உன் மேல ஒண்ணு, அவன் மேல ஒண்ணு, கேஸ் போடறேன்!"

சலூன்காரர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. "ஈரத் தீப்பெட்டி சார்! நாலு பேர். டிரம்ஸ் அடிச்சவர் இருக்காரே..."

"கேட்டுட்டாரு" என்றது தடுப்பு.

"அக்கா, அது கோவத்துல கேட்டது!"

"கேக்கணும்னுதானே பேச்சு? சிரிச்சுக்கிட்டே கேக்கணும்னு எவன் சொன்னான்? அது கெடக்கட்டும் தம்பி, ராங் நம்பர் வர எடத்துல மிக்ஸி எப்பிடி வந்துச்சு?"

இந்தப் பாட்டுகளைத் தினமும் தலைவலி தலைவலி என்று சொல்கிற அக்காவுக்கு வரிசை மனப்பாடம்! மச்சினன் துடைப்பத்தை எடுத்து, முடியே இல்லாத மூலையைப் பெருக்கப் போனான்.

பாதி மீசையோடு தெருவில் இறங்க முடியாது. கத்தல், கெஞ்சல், சமாதானம் எல்லாம் ஆன பிறகு மாஸ்டர் மறுபாதியையும் ஒப்படைத்தார். சலூன்காரர் பொத்தானைச் சரிசெய்து, 'ராங் நம்பர்' போட்டார். இந்த முறை கை பூ மாதிரி போனது. நுரைக்கு நடுவே மாஸ்டர் கண்ணை மூடியிருந்தார். "சாப்ட்டாச்சா?" என்று அந்த ஆள் கேட்கிற இடத்தில் அவர் வலது கால் மெல்ல, மிக மெல்ல, பிரேக்கை அழுத்தியது.

முகம் துடைத்ததும் எழுந்தார். வெறும் மேலுதட்டைத் தடவிக்கொண்டு வாசல்வரை போனார். கேஸ் விஷயம்தான் பேசப்போகிறார் என்று எல்லோரும் நின்றோம்.

"ஏம்ப்பா" என்றார் திரும்பிப் பார்க்காமல். "கடைசில அவன் போனை வெச்சானா, இல்லியா?"

இப்படி ஒருவர் கேட்பதற்காகத்தானே சலூன்காரர் இத்தனை வருஷமாகக் கத்தரி பிடித்திருந்தார்.

"வாங்க சார், உக்காருங்க" என்றார். "மச்சான், மொதல்லேர்ந்து போடு."

மாஸ்டர் முகத்தில் வழிக்க இனி எதுவும் மிச்சமில்லை. ஆனாலும் சலூன்காரர் துணியை உதறி, அவர் கழுத்தில் கட்டி, இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டார்.